பள்ளி முடிந்த பிறகு: திருப்பூரில் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் மூன்று ஆண்டுகள்

இந்த ஆய்வில் வரும் இளைஞருக்கு இப்போது 21 வயது. 18 வயதில் சிறப்புப் பள்ளியை விட்டு வெளியே வந்தார். இன்று ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் கூலி வாங்கும் தொழிலாளி. இடையில் நடந்தவற்றை, சரியாகப் போனது போகாதது இரண்டையும், வரிசையாக எழுதுகிறேன். நான் ஒரு சிறப்பாசிரியை. பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கான தொழிற்பயிற்சியில் வேலை செய்கிறேன். குடும்பத்தின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அப்பா ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டில் வேலை. அம்மா வீட்டில் இருக்கிறார். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை. குடியிருப்பது லைன் வீட்டில். ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும்.

நான்கு வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஓராண்டு இருந்தார், அப்புறம் சிறப்புப் பள்ளி. தனித்தனிச் சொற்களாகப் பேசுவார். கேட்ட விளம்பர வரிகளை அப்படியே திரும்பச் சொல்வார். அச்சிட்ட தமிழ்ச் சொற்களைப் படிப்பார், நூறைத் தாண்டி எண்ணுவார். ஆனால் தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று வாயால் சொல்வது மிக அரிது. ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட நம் நாட்டில் பயன்படுத்தும் 'இசா' (ISAA) அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. மொத்த மதிப்பெண் 107 முதல் 153 வரை இருந்தால் நடுத்தரம் என்று வைப்பார்கள். இவருடைய சான்றிதழ் அந்த வகையில் வருகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இவரைப் போன்றவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு பற்றியும் அதில் பிரிவுகள் இருக்கின்றன. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 4 சதவீதத்தில், ஆட்டிசம் உள்ளவர்களும் சேரும் பிரிவுக்கு 1 சதவீதம் உண்டு. ஆனால் அந்த இடங்களுக்குத் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பு எழுதாத இவருக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 18 முடிந்த மறுநாள் காலை எங்கே போவது என்ற கேள்வி குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தது.

முதல் பத்து மாதங்கள்

பள்ளி முடிந்ததும் பெற்றோர் அவரை ஒரு தொழிற்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே காகிதப் பை ஒட்டும் வேலை. முதல் வாரங்களில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பிறகு பைகளைக் கிழிக்கத் தொடங்கினார், தன் கையைக் கடித்துக்கொண்டார், ஒரு நாள் மேசையைத் தள்ளினார். மூன்றாம் மாத முடிவில் "வயசுப் பையன், கட்டுப்படுத்த முடியவில்லை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த குறிப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்ற ஒரே வரிதான் இருந்தது.

அடுத்த ஏழு மாதம் வீட்டில். இரவு இரண்டு மூன்று மணி வரை போனில் வீடியோ, நண்பகல் வரை தூக்கம். உடம்பு பெருத்தது. தாடையில் தானே குத்திக்கொள்ளும் பழக்கம் வந்தது. குளிக்கக் கூப்பிட்டால் அம்மாவைத் தள்ளினார். வெளியூர் டாக்டர் ஒருவர் ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். எரிச்சலும் தன்னைத் தாக்கிக்கொள்வதும் கட்டுமீறும்போது ஆட்டிசத்தில் கொடுக்கப்படும் மருந்துதான் அது. பசியையும் எடையையும் கூட்டக்கூடியதும்கூட. அப்பா பல நாள் அரை ஷிப்டோடு வீடு திரும்பினார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அரை ஷிப்ட் போனால் அரைக் கூலி போயிற்று.

எங்களிடம் வந்தபோது பெற்றோர் கேட்டது ஒன்றுதான்: "எங்கியாவது உட்கார வெச்சுக்குங்க மிஸ். சம்பளமெல்லாம் வேண்டாம்."

கவனித்தவை

எந்தத் திட்டமும் போடாமல் முதலில் இரண்டு வாரம் கவனிப்பது என்று முடிவு செய்தோம். அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னோம்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர். அவர் எழுதிய நோட்டு, நான் பார்த்த பல மதிப்பீட்டு அறிக்கைகளைவிட உபயோகமாக இருந்தது.

அதிலிருந்து தெரிந்தவை இவை. காலை எட்டரைக்கு, இரவு எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும், பல நாட்களில் எழுந்து பழைய பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். வேன் வராது. கால் மணி நேரம் கழித்துப் பையைக் கழற்றி வீசிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். அன்றைய நாள் அதோடு முடிந்தது. பள்ளி முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. ஆண்டு விழாவில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் அவருக்கு எதையும் விளக்கவில்லை.

தாடையில் குத்துவது பெரும்பாலும் சாப்பிட்டு முடித்தபின், அதுவும் இடது பக்கம் மட்டும்.

மூன்றாவது விஷயம் கை. சோறு ஸ்பூனில்தான். எண்ணெய் தேய்த்தால் உடனே கழுவுவார். "இட்லி மாவு விரல்ல பட்டாக்கூட ஓடிப்போய்க் கழுவிட்டு வந்துதான் உட்காருவான்" என்றார் அம்மா. காகிதப் பை ஒட்டும் வேலையில் மூன்று மாதம் விரல் முழுக்கப் பசையோடு உட்கார்ந்திருக்கிறார். கை கழுவ எழுந்தபோதெல்லாம் வேலையைத் தவிர்க்கிறார் என்று நினைத்துத் திருப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். பைகள் கிழிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான்காவதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. இவர் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். முதலில் பொருளை இடது பக்கம் மெதுவாக நகர்த்துவார். மறுபடி வைத்தால் உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்து வைப்பார். மூன்றாம் முறைதான் கடி, தள்ளல், கிழிப்பு. முதல் இரண்டையும் யாரும் சொல்லாக எடுத்துக்கொள்ளாததால், மூன்றாவது ஒன்றுதான் பலித்தது. அது பலிக்கும் என்று பத்து மாதத்தில் நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

முதலில் உடம்பு

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன் பல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஆழமாகச் சொத்தை விழுந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய முடிந்தது. குத்திக்கொள்வது பாதிக்கு மேல் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

மனநல மருத்துவர் வலிப்பு இருக்கிறதா என்று விசாரித்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வளரிளம் பருவத்தில் வலிப்பு புதிதாகத் தொடங்குவது உண்டு. அதேபோல, உடல் அசைவுகள் மெதுவாகித் தேங்கிப்போகும் நிலையும் பதின்வயதின் பிற்பகுதியில் வரலாம். வீட்டார் சோம்பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டும் இவருக்கு இல்லை. பல் சரியானபின் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். வலியோடு இருப்பவருக்குக் கால அட்டவணை போட்டுப் பயனில்லை.

'வேண்டாம்' அட்டை

உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்த படத்தை அச்சிட்டு, கீழே 'வேண்டாம்' என்று எழுதி, ஓர் அட்டை செய்தோம். பொருளை அவர் இடது பக்கம் நகர்த்தும் அந்தக் கணத்தில் அட்டையைக் கையில் கொடுத்து, உடனே பொருளை எடுத்துவிட வேண்டும். அட்டை வந்தால் மறுபேச்சு இல்லை என்பது விதி.

பெற்றோருக்கு இதில் உடன்பாடில்லை. "எல்லாத்துக்கும் வேண்டாம்னே நீட்டினா என்னங்க மிஸ் பண்றது?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சில நாட்கள் அப்படித்தான் நடந்தது. குளியலுக்கு வேண்டாம், சட்டைக்கு வேண்டாம், பிடித்த தோசைக்குக்கூட வேண்டாம். அட்டை வேலை செய்கிறதா என்று அவர் சோதித்துப் பார்த்தார் என்றுதான் எனக்குப் பட்டது. ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. அப்புறம் தோசைக்கு நீட்டுவது நின்றது, சட்டைக்கு நின்றது. குளியலுக்கு மட்டும் தொடர்ந்தது. விசாரித்தால், குளியலறைப் பக்கெட்டில் பைப்புத் தண்ணீர் அதிவேகமாக விழும் சத்தம். தண்ணீரை முன்பே பிடித்து வைத்தார்கள், குளித்தார். மூன்றாம் மாதத்தில் அம்மாவைத் தள்ளியதாக நோட்டில் ஒரு பதிவும் இல்லை.

நாளைக் கட்டியது

எரிக் ஷாப்ளர் என்ற உளவியலாளர் 1970களில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'டீச்' (TEACCH) முறையில், எந்த வேலையைக் கொடுத்தாலும் நான்கு கேள்விகளுக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி பதில் இருக்க வேண்டும் என்பார்கள்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன. வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும், படம் கண்முன் நிற்கும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் படங்களை ஒட்டி, முடிந்ததைக் கழற்றி ஒரு டப்பாவில் போடும்படி செய்தோம்.

எட்டரை மணி இருந்த இடத்தில் முதலில் கை வைத்தோம். பள்ளிப் பையை அவரே பள்ளியில் கொண்டுபோய் ஒப்படைத்தார். வேன் படத்துக்கு மேல் குறுக்குக்கோடு போட்டு 'முடிந்தது' டப்பாவில் போட்டார். வேறு நிறத்தில் தோள்பை ஒன்று வாங்கினோம். எட்டரைக்கு அதை மாட்டிக்கொண்டு அப்பாவின் வண்டியில் எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்தார். போன் வீடியோ இரவு ஒன்பது வரை, அதற்கும் ஒரு படம். தூக்கம் ஒரே வாரத்தில் சரியாகவில்லை, இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது.

எந்த வேலை, எங்கே

மூன்று வழிகள் இருந்தன.

வீட்டுக்கே பீஸ் வாங்கி வந்து பிசிறு நூல் வெட்டுவது ஒன்று. திருப்பூரில் நிறைய வீடுகளில் நடக்கும் வேலைதான், அம்மா விரும்பியதும் இதுதான். நான் வேண்டாம் என்றேன். அம்மாவே 24 மணி நேரமும் மேஸ்திரியாகிவிடுவார், இவர் வாசலைத் தாண்ட மாட்டார். இரண்டாவது, இன்னொரு பாதுகாப்பான தொழிற்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் 'பயிற்சி'. வேலைக்குத் தயாரான பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டு 35 வயதிலும் மெழுகுவத்தி பழகிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆட்டிசத்தில் ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வந்து சேராது. எந்த மேசையில் வேலை செய்யப்போகிறாரோ அந்த மேசையிலேயே பழக்குவதுதான் சரி. அதனால் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்: நிஜக் கம்பெனியில் சின்ன வேலை, பக்கத்தில் ஒரு பயிற்சியாளர்.

என்ன வேலை என்பதை அவரிடமே கேட்டோம். மையத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வேலையை வைத்து, 'வேண்டாம்' அட்டையையும் பக்கத்தில் வைத்தோம். லேபிள் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு அட்டை வந்தது. விரலில் ஒட்டுகிறதே, வராமல் இருக்குமா. நூல் வெட்டும் கத்தரிக்கும் வந்தது. பனியனை மடிப்பு அட்டை வைத்து மடித்துப் பாலி பேக்கில் போடும் வேலைக்கு வரவில்லை. அது மட்டுமில்லை, பன்னிரண்டு முடிந்ததும் கட்டைத் தட்டிச் சமமாக்கி அடுத்த டஜனுக்கு அவராகவே கை நீட்டினார்.

கம்பெனிக்குப் போகும் முன்

அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் கம்பெனி, முப்பது பேர் வரை வேலை. கீழே தையல், மாடியில் அயனிங்கும் பேக்கிங்கும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முதலாளி அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. மூன்று பயங்களைச் சொன்னார்: மெஷினில் கை விட்டால், பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஏதாவது ஆனால், ஷிப்மெண்ட் நேரத்தில் தாமதம் ஆனால். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கொடுத்தோம். பேக்கிங் மேசை மெஷின்களிலிருந்து விலகி, படிக்கட்டுப் பக்கம். இவருடைய டஜன் கணக்கை அன்றைய ஷிப்மெண்ட் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது பயத்தைப் பற்றி நம்மில் பலர் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசியே ஆக வேண்டும். இவருக்கு வளர்ந்த ஆணின் உடல். பொது இடத்தில் அந்தரங்க உறுப்பைத் தொடக்கூடாது, கழிவறைக் கதவைச் சாத்தித் தாழ்போட வேண்டும், அடுத்தவரிடமிருந்து ஒரு கை தூரம் விட்டு நிற்க வேண்டும். இவற்றைப் படங்களோடு வீட்டிலும் மையத்திலும் மாதக்கணக்கில் பழக்கினோம். 'தனியறையில் மட்டும்' என்ற விதியைத் திட்டாமல், வெட்கப்படுத்தாமல் சொன்னதால் ஏற்றுக்கொண்டார். முகச் சவரத்தை அம்மாவிடமிருந்து அப்பா எடுத்துக்கொண்டார். அதே பாடத்தில் இன்னொரு பாதியும் உண்டு: அவரை யாரும் அனுமதியின்றித் தொடக்கூடாது. தொட்டால் அட்டை.

இவர் வருவதற்கு முன்பே, டீ நேரத்தில் பேக்கிங் பிரிவில் இருந்தவர்களோடு அரை மணி நேரம் பேசினேன். பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள். நீளமாகப் பேசாதீர்கள், செய்து காட்டுங்கள். 'பாப்பா', 'குழந்தை' என்று கூப்பிட வேண்டாம், பேர் சொல்லுங்கள். 'வேண்டாம்' அட்டையையும் காட்டினேன். பேக்கிங்கில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார், "அதை நீட்டினா நாங்க என்ன பண்ணோணும்?" எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துக் கேளுங்கள் என்றேன். "அவ்வளவுதானுங்களா" என்றார். அவரே பிறகு இவருக்குப் பக்கத்து மேசைக்காரரானார்.

முதல் ஆறு மாதம்

ஒரு மணி நேரத்தில் தொடங்கினோம். பன்னிரண்டு குழி வைத்த தட்டு, மடிக்க ஓர் அட்டை, இடது கூடையில் மடிக்காதது, வலது பெட்டியில் முடிந்தது. நான்கு கேள்விகளுக்கும் மேசையிலேயே பதில் இருந்தது. ஸ்டீம் அயனின் சீறலும், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் திடீரென்று கத்துவதும்தான் பிரச்சினை. காதை மூடும் இயர்மஃப் ஒன்று மேசைக் கொக்கியில் தொங்கியது. தேவைப்பட்டபோது அவரே மாட்டினார். பயிற்சியாளர் முதலில் பக்கத்தில், பிறகு பின்னால், பிறகு கீழ்த்தளத்தில், கடைசியில் போனில்.

ஆறாம் மாத முடிவில் வாரத்தில் ஐந்து நாள், தினம் நான்கு மணி நேரம். மற்றவர்கள் செய்யும் ஒன்றரை ஷிப்ட் பக்கம் போகவே இல்லை. அதற்குமேல் நீட்டிய நாட்களிலெல்லாம் மாலையில் வீட்டில் தொல்லை வந்தது, நோட்டு அதைத் தெளிவாகக் காட்டியது.

போக்குவரத்து மட்டும் எளிதாக அமைந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. அம்மா கூடப் போய் வழி பழக்கினார். இன்றும் தனியாகப் போவதில்லை. அதே தெருவிலிருந்து வரும் பேக்கிங் தொழிலாளி ஒருவரோடு போகிறார்.

கூலி

முதலாளி நல்ல மனதோடு, மாதம் ஒரு தொகையை 'கைச்செலவுக்கு' தருவதாகச் சொன்னார். பெற்றோர் அதையும் மறுக்கப் பார்த்தார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு டஜனுக்கு என்ன ரேட்டோ அதே ரேட், சனிக்கிழமை எல்லோரோடும் வரிசையில் நின்று கவரில். அவர் செய்வது குறைவான டஜன் என்பதால் வரும் பணமும் குறைவுதான். அது சரி. ஆனால் ஒரு டஜனின் விலை ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. தர்மமாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கணக்குப் போட்டுக் கொடுத்த கூலியை நிறுத்த ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

பணம் என்றால் என்னவென்று அவருக்குப் புரியாது என்றார்கள். மூன்றாவது சனிக்கிழமை கவரோடு பேக்கரிக்குக் கூட்டிப்போனோம். தேங்காய் பன்னைக் காட்டினார், கவரை நீட்டினார். இப்போது சனிக்கிழமை என்ற படத்துக்குக் கீழே அவரே பன் படத்தை ஒட்டுகிறார்.

சான்றுகளும் வங்கியும்

கூலியைச் சேமிக்க வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, 18 வயது தாண்டியவருக்கு அப்பா கையெழுத்துப் போட முடியாது என்றார்கள். பெற்றோருக்கு அதிர்ச்சி. பெற்ற பிள்ளைக்கு நாங்கள் காப்பாளர் இல்லையா என்று கேட்டார்கள். சட்டப்படி, 18 ஆனதும் எல்லோரையும் போல இவரும் தனி ஆள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கும் பொருந்தும். அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம், வங்கிகள் அதை ஏற்கும்.

விண்ணப்பிப்பதா என்று யோசித்தோம். காப்பாளரை நியமிப்பது அந்த மனிதரின் முடிவெடுக்கும் உரிமையில் கை வைப்பது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைப் பேசுகிறது. இவரைப் பொறுத்தவரை, அடுத்த மயக்க மருந்துச் சிகிச்சைக்கும் வங்கிக்கும் யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டியிருந்தது. அதனால் விண்ணப்பித்து அப்பாவை நியமித்துக்கொண்டார்கள். ஆனால் அன்றாட விஷயங்களில் 'வேண்டாம்' அட்டைதான் செல்லும் என்று வீட்டில் பேசி வைத்தோம். அதே சமயத்தில் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்பரிசோதனை எதுவும் இல்லை, வெளிநோயாளி சிகிச்சைக்கும் தெரபிக்கும் உண்டு.

பெட்டியைப் பிரித்த நாள்

ஒன்பதாம் மாதம். சைஸ் கலவை மாறிப்போனதாகத் தகவல் வந்து, டேப் போட்டு மூடிய பெட்டிகளை எல்லாம் பிரித்துக் கொட்டினார்கள். அவர் கண்முன்னால், அவர் மடித்து அடுக்கிய டஜன்களையும் சேர்த்து. அட்டையை நீட்டினார். ஷிப்மெண்ட் அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. மறுபடி நீட்டினார். பிறகு கையைக் கடித்தார், தலையைச் சுவரில் மோதினார். தடுக்க வந்த அக்காவைத் தள்ளினார், அவர் விழுந்து முழங்கையில் அடிபட்டது.

ஒரு வாரம் வரவேண்டாம் என்றார் முதலாளி. அந்த வாரத்தில் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினோம். அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அடி பெருசில்லீங்க மிஸ். ஆனா அடுத்து எப்ப நடக்கும்னு தெரியாம எப்படிப் பக்கத்துல நிக்கிறது?" அவர் பேசியது தன்னுடைய பாதுகாப்பைப் பற்றி. இந்த இளைஞரின் உரிமையைச் சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது. அவர் வேண்டாம் என்றால் வேறு இடம் பார்ப்பது என்றே முடிவு செய்திருந்தோம். பக்கத்தில் இன்னொருவரும் இருந்தால் சரி என்றார் அக்கா. இன்னொருவரைப் போட்டார்கள்.

மாற்றங்களை வேலை முறையில் செய்தோம். இவர் முடித்த பெட்டிகள் அரை மணிக்கு ஒரு முறை கீழே போய்விடும், பிரிப்பதாக இருந்தாலும் அங்கேதான். இவரே மறுபடி அடுக்க வேண்டி வந்தால் சிவப்புச் சீட்டு: 'மறுபடி', அதன் கீழ் எத்தனை டஜன் என்ற எண். மையத்தில் முதலில் ஒரே ஒரு டஜனைப் பிரித்து, சீட்டைக் காட்டி, மறுபடி அடுக்கி, முடிந்ததும் சீட்டை டப்பாவில் போடப் பழக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய் உட்காரலாம். அவசரத்திலும் அட்டையைப் பார்க்கும் பொறுப்பு இருவரில் ஒருவருக்கு. அதற்குப் பிறகு சிவப்புச் சீட்டு பல முறை வந்துவிட்டது. ஒரு முறை நாற்காலிக்குப் போனார். தள்ளல் இல்லை.

இப்போதைய நிலை

வேலை தொடர்கிறது. மாத்திரை குறைந்த அளவில் தொடர்கிறது. எடை ஓரளவு இறங்கியிருக்கிறது. அப்பா முழு ஷிப்ட் போகிறார். தாடையில் குத்துவது எப்போதாவது உண்டு, அப்போதெல்லாம் முதலில் வாயைப் பார்க்கிறார்கள்.

சரியாகாதவையும் இருக்கின்றன. தீபாவளி முடிந்ததும் ஊரே காலியாகிக் கம்பெனிகள் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும், பொங்கலுக்கும் அப்படியே. அந்த நாட்களில் பழைய ஏழு மாதம் திரும்பிவிடுகிறது. விடுமுறைக்கு முன்பே படம் போட்டு வைப்பதால் போன வருடம் கொஞ்சம் தேவலை. பக்கத்து மேசை அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டபோது டஜன் பாதியாகக் குறைந்தது. ஒரே ஆளைச் சுற்றி எல்லாம் நிற்பது ஆபத்து. நண்பர்கள் என்று சொல்ல யாரும் இல்லை. அது அவருக்கு வேண்டுமா என்று கண்டுபிடிக்கும் வழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தவருக்கு மாற்ற வேண்டியவை

இந்த வேலைகள் 16 வயதில் தொடங்கியிருக்க வேண்டும். கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகளில் மாணவர் ஐந்தாறு வகை வேலைகளைத் தொட்டுப் பார்த்திருந்தால், பசை ஆகாது என்பது மூன்று மாதத் துன்பம் இல்லாமலே தெரிந்திருக்கும். பள்ளியிலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் கோப்பில் மதிப்பெண்ணைவிட மூன்று விஷயங்கள் அவசியம்: எப்படி வேண்டாம் என்று சொல்வார், எந்தச் சத்தமும் தொடுதலும் ஆகாது, வலி வந்தால் என்ன செய்வார். பள்ளி முடிகிறது என்பதைக் கடைசிப் பருவம் முழுவதும் நாட்காட்டியில் காட்ட வேண்டும், ஒரே நாள் விழாவில் போதாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (UDID) மாற்றுத்திறனாளிச் சான்றும் 18க்கு முன்பே கையில் இருக்கட்டும். காப்பாளர் வேண்டுமா என்ற பேச்சைப் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். வங்கிக் கவுண்டரில் நின்றுகொண்டு தொடங்க வேண்டாம். கம்பெனியில் பக்கத்து மேசைக்கு முதல் நாளிலிருந்தே இருவரைப் பழக்குங்கள். முடித்த வேலை பிரிக்கப்படலாம் என்பதையும் முதல் மாதத்திலேயே பழக்குங்கள். எந்தத் தொழிலிலும் அது நடக்கும்.

பெற்றோருக்குப் பிறகு யார் என்ற கேள்வியைத் தங்கையின் தலையில் எல்லோரும் தானாகவே வைத்திருந்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. போன மாதம் நாங்கள் கேட்டோம். "அண்ணன் பணத்தையும் டாக்டரையும் நான் பாத்துக்குவேன். ஆனா ஒரே வீட்டுல இருக்க முடியுமான்னு இப்பச் சொல்ல முடியல" என்றார். இதைத் தெளிவான பதிலாகவே எடுத்துக்கொண்டோம். அப்பாவுக்குப் பின் காப்பாளராக அவரும் தாய்மாமாவும் சேர்ந்து விண்ணப்பிப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. மாதம் ஓர் இரவு மாமா வீட்டில் தங்கிப் பழகுவது இந்த மாதம் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் சுவரில் நான்கு படமும், மேசையில் ஒரு 'வேண்டாம்' அட்டையும் வைத்திருக்கிறோம். முதல் இரவு அட்டையை ஒரு முறை நீட்டினார், மின்விசிறியின் கிறீச்சென்ற சத்தத்துக்கு. மாமா மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அதைச் சரி செய்துவிட்டார்.